‘எல்லாரும் குடிக்கிறாங்க’ என்ற நினைப்பைத் திருத்தி, கல்லூரியில் மிதமிஞ்சிய குடியைக் குறைப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு கல்லூரியின் மாணவர் நலக் குழு, “இங்கே பெரும்பாலான மாணவர்கள் அளவோடுதான் இருக்கிறார்கள்” என்று வளாகம் முழுக்கப் போஸ்டர் ஒட்டினால் மிதமிஞ்சிய குடி குறையுமா? குறையும் என்றால் அதை எப்படிச் செய்ய வேண்டும்?

போஸ்டர் மட்டும் ஒட்டினால் பெரும்பாலும் குறையாது. சொந்தக் கல்லூரியில் ஒழுங்காக எடுத்த கணக்கு, மாணவர் நம்பும்படியான ஒரே ஒரு எண், அதிகம் குடிப்பவர் ஒவ்வொருவருக்கும் அதை அவரவர் பழக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஓரளவு குறையும். ‘ஓரளவு’ என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன். இந்த முறையை மந்திரமாக விற்பவர்களும் உண்டு, மோசடி என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல.

முதலில் இதன் அடிப்படை. 1986இல் வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்க்கோவிட்ஸ் இருவரும் நியூயார்க் மாநிலத்தின் ஹோபர்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகக் குடியைத் தனக்குப் பிடிக்காது என்று சொன்ன மாணவர்களே, மற்றவர்களுக்கு அது பிடிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெபோரா ப்ரென்டிஸ், டேல் மில்லர் செய்த ஆய்விலும் இதே இடைவெளிதான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: ஒரு பருவம் முடிவதற்குள் ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்து, ‘மற்றவர்கள் இப்படித்தான்’ என்று அவர்கள் நினைத்திருந்த திசைக்கே நகர்ந்திருந்தது. அதாவது, இல்லாத ஒரு ஊர் வழக்கத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டார்கள். இந்தத் தவறான நினைப்பைத் திருத்தினால் அந்த இழுப்பு தளரும் என்பதுதான் முழு முறையின் ஆதாரம்.

தவறான நினைப்பு ஏன் வருகிறது என்பதைப் பத்துப் பேரை வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு வாரத்தில் பத்து மாணவர்கள் குடித்த அளவுகள் இப்படி இருக்கின்றன என்று வையுங்கள்: 0, 0, 0, 0, 1, 2, 2, 3, 8, 14. மொத்தம் 30, சராசரி 3. ஆனால் பத்தில் எட்டுப் பேர் அந்தச் சராசரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள். நடு எண் ஒன்றரைதான். மொத்தக் குடியில் 22 பங்கு இரண்டே பேருடையது. இப்போது திங்கட்கிழமை காலை யாரைப் பற்றிப் பேசுவார்கள் என்று யோசியுங்கள். 14 குடித்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்தவனைப் பற்றித்தான். அறையில் படுத்துப் படம் பார்த்த நான்கு பேரைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. கண்ணில் படுவதும் காதில் விழுவதும் அந்த இரண்டு பேர். மனக்கணக்கு அதிலிருந்துதான் வருகிறது.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. பெரும்பாலான கல்லூரிகள் சறுக்குவது இங்கேதான். வேறு கல்லூரியின் எண்ணையோ தேசிய சராசரியையோ எடுத்துப் போஸ்டரில் போட்டால் மாணவர் ஒரே வரியில் தள்ளிவிடுவார்: “அது வேற ஊரு, இங்க அப்படி இல்ல.” சொந்த எண் வேண்டும். எத்தனை பேரிடம் கேட்பது? 5 சதவீதப் பிழை எல்லையும் 95 சதவீத நம்பகமும் (அதாவது, இப்படி 100 முறை கணக்கெடுத்தால் சுமார் 95 முறை கிடைக்கும் எண் உண்மை எண்ணிலிருந்து 5 புள்ளிக்கு மேல் விலகாது) போதும் என்றால், 2,000 பேர் படிக்கும் கல்லூரியில் சுமார் 322 பதில்கள், 3,000 பேர் என்றால் சுமார் 341. கேட்டவர்களில் 30 சதவீதம் பேர்தான் பதில் சொல்வார்கள் என்று வைத்துக்கொண்டால், 322 பதிலுக்குக் கிட்டத்தட்ட 1,075 பேரிடம் கேட்க வேண்டும். பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுங்கள். கேண்டீன் வாசலில் நின்று கிடைத்தவரிடம் கேட்பது கணக்காகாது. 600 பேருக்குள் இருக்கும் கல்லூரி என்றால் எல்லாரிடமும் கேட்டுவிடுவதே எளிது.

இந்த எண்ணிக்கை முழுக் கல்லூரிக்கானது. ஆண், பெண், ஆண்டு வாரியாகப் பிரித்துப் பேச நினைத்தால் ஒவ்வொரு பிரிவிலும் போதுமான பதில்கள் வர வேண்டும். முப்பது பேருக்குக் குறைவான பிரிவின் எண்ணை வெளியே காட்டாதீர்கள். அந்த எண் ஆட்டம் காணும், யார் என்று கண்டுபிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வியில் ‘ஒரு கிளாஸ்’ என்று எழுதாதீர்கள். ஒருவர் கிளாஸ் இன்னொருவர் கிளாஸ் போல இருக்காது. தூய ஆல்கஹாலின் எடையில் அளவை வரையறுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு நிலையான அளவு 14 கிராம், பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், பல நாடுகளில் 10 கிராம். கணக்கு எளிது: மில்லிலிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி, 100ஆல் வகுத்து, 0.789ஆல் பெருக்குங்கள். 5 சதவீத பீர் 330 மில்லி என்றால் 13 கிராம். 40 சதவீத விஸ்கி 60 மில்லி என்றால் கிட்டத்தட்ட 19 கிராம், அதாவது 10 கிராம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு அளவு. ‘ஒன்றுதான் குடித்தேன்’ என்பவர் உண்மையில் இரண்டு குடித்திருப்பார். கேள்வித்தாளின் மேலேயே இதைப் படமாகப் போட்டுவிடுங்கள்.

கேள்விகள் இரண்டு ஜோடி. முதல் ஜோடி செய்கை பற்றியது. “கடந்த 30 நாட்களில் ஒரு வழக்கமான வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கள் எத்தனை அளவு, செவ்வாய் எத்தனை…” என்று ஏழு கட்டங்கள். அதே ஏழு கட்டங்களை அடுத்த பக்கத்தில், “உங்கள் கல்லூரியில் உங்கள் ஆண்டில் படிக்கும் ஒரு சாதாரண மாணவர்” என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் சொற்கள் ஒன்றாக இருக்க வேண்டும். தன்னைப் பற்றி ‘வாரம் எத்தனை’ என்றும் பிறரைப் பற்றி ‘பார்ட்டியில் எத்தனை’ என்றும் கேட்டால், கேள்வியே ஒரு பொய் இடைவெளியை உண்டாக்கிவிடும். இரண்டாவது ஜோடி ஏற்பு பற்றியது: வாந்தி வரும் அளவு குடிப்பது, வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது ஆகியவை உங்களுக்குச் சரியா, மற்ற மாணவர்களுக்குச் சரி என்று நினைக்கிறீர்களா? இந்த இரண்டாவது ஜோடியை விட்டுவிடாதீர்கள். பின்னால் இதுதான் கைகொடுக்கும்.

பெயர், பதிவு எண், இருக்கும் இடம் எதுவும் கேட்கக்கூடாது. பதில்களை வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்கப்படாது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கி, அந்த வரியைக் கேள்வித்தாளிலேயே அச்சிடுங்கள். தேர்வு வாரத்திலும், நீண்ட விடுமுறை முடிந்த வாரத்திலும், கல்லூரி விழா வாரத்திலும் கணக்கெடுக்காதீர்கள். எண் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். முடிந்ததும், பதில் சொன்னவர்களின் ஆண்டு, பால் விகிதத்தைக் கல்லூரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகம் குடிப்பவர்கள் கேள்வித்தாளைத் தவிர்ப்பது வழக்கம் என்பதால் இரண்டு மூன்று முறை நினைவூட்டத்தான் வேண்டும்.

அடுத்து, செய்தி. இங்கே ஒரே விதி: எண் உண்மையாக இருக்க வேண்டும், பாதிக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் நார்தர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹெய்ன்ஸ் 1980களின் இறுதியில் தொடங்கிய இயக்கம்தான் இத்துறையில் பலருக்கும் முன்மாதிரி. பயமுறுத்தும் வழக்கமான பிரசாரம் பலன் தராமல் போன பிறகு, பெரும்பாலான மாணவர்கள் பார்ட்டியில் ஐந்து அல்லது அதற்குக் குறைவாகத்தான் குடிக்கிறார்கள் என்ற ஒரே தகவலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடுத்த ஆண்டுகளில் தவறான நினைப்பும் குறைந்தது, அதிகக் குடியும் குறைந்தது. ஆனால் அந்த ‘ஐந்து’ என்ற எண்ணை அப்படியே நகல் எடுக்காதீர்கள். ஒன்றோ இரண்டோ குடிக்கும் பெண்ணுக்கு அது ஒரு அனுமதிச் சீட்டு போலப் படும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆணுக்கு ஐந்து, பெண்ணுக்கு நான்கு அமெரிக்க அளவுகள் என்பது ரத்தத்தில் ஆல்கஹாலை 0.08 சதவீதத்துக்கு, அதாவது அமெரிக்காவில் போதையில் வண்டி ஓட்டியதாகக் கருதப்படும் நிலைக்கு, கொண்டுபோய்விடும் அளவு. அதையே வழக்கம் என்று விளம்பரம் செய்யக்கூடாது. கூடியவரை குறைந்த எண்ணை, அல்லது பூஜ்யத்தை முன்னால் வையுங்கள்.

பூஜ்யத்துக்கு நல்ல உதாரணம் சாப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகம். 1990களின் இறுதியில் அங்கே, இரவில் விடுதிக்குத் திரும்பும் மாணவர்களிடம் மூச்சுச் சோதனைக் கருவி வைத்தே அளந்தார்கள். வியாழன், வெள்ளி, சனி என்ற பார்ட்டி இரவுகளில்கூட மூன்றில் இரண்டு பேர் மூச்சில் ஆல்கஹால் பூஜ்யம். ‘சர்வேயில் யார் உண்மை சொல்வார்?’ என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. கருவியும் அனுமதியும் தன்னார்வலர்களும் கிடைத்தால் ஓரிரு இரவுகளாவது இதைச் செய்துபாருங்கள். பங்கேற்பது விருப்பத்தின் பேரில்தான் என்பதும், பெயர் எழுதமாட்டோம் என்பதும் கண்டிப்பு.

‘மாணவர்கள் மிதமாகக் குடிக்கிறார்கள்’ போன்ற வாக்கியம் வேலைக்கு ஆகாது. மிதம் என்றால் பத்து என்று நினைப்பவரும் உண்டு. எண், யார், எப்போது, எத்தனை பேரிடம் கேட்டது என்ற நான்கும் போஸ்டரில் இருக்கட்டும். ‘குடிக்காதே’ என்ற அறிவுரை வேண்டாம். தகவலோடு நிறுத்துங்கள். மதுக் கோப்பை, பாட்டில் படம் போடாதீர்கள். எழுத்து ஒன்று சொல்ல, படம் ‘இங்கே எல்லாரும் குடிக்கிறார்கள்’ என்று வேறொன்று சொல்லும். இதைவிட மோசம், “நமது மாணவர்களிடையே குடி பெருகிவருகிறது, இனியாவது விழிப்போம்” என்ற வகை. நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் படிப்பவர் மனதில் நிற்பது முதல் பாதி மட்டுமே. முதலாண்டு வரவேற்பு விழாவில் மேடையில் பேசுபவர்கள் இதே தவறைச் செய்கிறார்கள். பேச்சாளர்கள், விடுதிக் காப்பாளர்கள், மாணவர் பத்திரிகை நடத்துபவர்கள் எல்லாரிடமும் முதலில் உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். தவறான நினைப்பைச் சுமந்துகொண்டு திரிபவர்களில் அவர்களும் அடக்கம்.

கணக்கெடுத்த பிறகு பெரும்பான்மையே அதிகமாகக் குடிக்கிறது என்று தெரிந்தால்? எண்ணை வளைக்காதீர்கள். ஒரு முறை பொய் பிடிபட்டால் அந்த வளாகத்தில் இந்த முறை முடிந்தது. அப்போதுதான் இரண்டாவது ஜோடிக் கேள்விகளை எடுக்க வேண்டும். அதிகம் குடிப்பவர்கள் நிறைந்த இடத்தில்கூட, வற்புறுத்திக் குடிக்க வைப்பதையும் குடித்துவிட்டு வண்டி எடுப்பதையும் பெரும்பான்மை வெறுப்பது சாத்தியம். ‘நண்பன் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்று இங்கே 100க்கு இத்தனை பேர் சொல்கிறார்கள்’ என்பதும் ஒரு நெறிதான். வேண்டாம் என்று சொல்ல நினைத்துத் தயங்கும் முதலாண்டு மாணவருக்கு எனக்குத் தெரிந்து அதுவே அதிகம் பயன்படும் வரி.

அச்சடிக்கும் முன் ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட மூன்று நான்கு குழுக்களிடம் காட்டிப் பேசுங்கள். “நம்பவே முடியல” என்பார்கள். அது தோல்வி இல்லை. நம்பிவிட்டால் திருத்த வேண்டிய நினைப்பே அவர்களிடம் இல்லை என்று அர்த்தம். ஏன் நம்பவில்லை, எது தெரிந்தால் நம்புவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?’, ‘பயந்து பொய் சொல்லியிருப்பார்கள்’, ‘எங்கள் விடுதி வேறு மாதிரி’ என்பவைதான் திரும்பத் திரும்ப வரும். அவற்றுக்கான பதில் போஸ்டரின் கீழ் வரியிலேயே இருக்கட்டும்.

எங்கே ஒட்டுவது? அறிவிப்புப் பலகையில் ஐம்பது தாளுக்கு நடுவே இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகம் கழிப்பறைக் கதவின் உட்புறத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே மாதாமாதம் ஒரு சிறு இதழ் போலவே ஒட்டியது. வேறெங்கும் பார்க்க வழியில்லாத இடம், யாரும் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் இல்லை. செய்தியின் சாரம் ஒன்றாகவே இருக்கட்டும், வடிவத்தை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதலாண்டு மாணவர் வந்து இறங்கும் முதல் ஆறு வாரங்கள் மிக முக்கியம். ஊர் வழக்கம் என்ன என்று அவர்கள் கூர்ந்து பார்ப்பதும், பழக்கம் உருவாவதும் அப்போதுதான். ஆகவே கணக்கெடுப்பு முந்தைய கல்வியாண்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

இனி, என் பார்வையில் பணமும் ஆளும் அதிகம் போக வேண்டிய இடம்: தனிநபர் ஒப்பீடு. மாணவர் ஆன்லைனில் அந்த ஏழு கட்டங்களை நிரப்புகிறார். உடனே திரையில் மூன்று பட்டைகள் வருகின்றன. மற்றவர்கள் குடிப்பதாக நீங்கள் சொன்னது வாரம் 15. அவர்கள் உண்மையில் குடிப்பது 4. நீங்கள் குடிப்பது 11. கீழே ஒரு வரி: உங்கள் பிரிவில் 100 பேரில் 90 பேர் உங்களைவிடக் குறைவாகக் குடிக்கிறார்கள். (எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.) போஸ்டரைப் பார்க்கும் அதிகக் குடிகாரர் ‘இது யாருக்கோ’ என்று கடந்துவிடலாம். இந்தத் திரையைக் கடக்க முடியாது, ஏனென்றால் மூன்று எண்ணில் இரண்டு அவரே கொடுத்தவை. 2004இல் க்ளேட்டன் நெய்பர்ஸும் சகாக்களும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி வழியாக இதைச் சோதித்தபோது, அதிகம் குடிப்பவர்களிடம் குறைவு தெரிந்தது, அது மாதங்கள் கழித்தும் நீடித்தது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. சராசரிக்குக் கீழே இருப்பவருக்கும் அதே திரையைக் காட்டினால் அவர் மேலே ஏறக்கூடும். குடியில் அல்ல, மின்சாரப் பயன்பாட்டில் வெஸ்லி ஷுல்ட்ஸ் குழு 2007இல் வெளியிட்ட கலிஃபோர்னிய ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. அக்கம்பக்கத்தாரைவிடக் குறைவாகச் செலவழித்த வீடுகள், அந்தத் தகவல் தெரிந்ததும் கூடுதலாகச் செலவழித்தன. தாளில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து பாராட்டியதும் அந்த ஏற்றம் மறைந்தது. ஆகவே ஒப்பீட்டை அதிகம் குடிப்பவருக்கு மட்டும் காட்டுங்கள். குடிக்காதவருக்கும் குறைவாகக் குடிப்பவருக்கும் பாராட்டு வரியோடு நிறுத்துங்கள்.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு குறையும்? சான்று கலவையாக இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே இறங்குவது நல்லது. 2003இல் ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் குழு, இத்தகைய பிரசாரம் நடந்த கல்லூரிகளை நடக்காதவற்றோடு ஒப்பிட்டுக் குறைவு எதையும் காணவில்லை. 2006இல் வில்லியம் டிஜாங் குழு 18 கல்லூரிகளைக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனையில் பலன் தெரிந்தது. அதையே 14 கல்லூரிகளில் திரும்பச் செய்தபோது, 2009இல் வெளியான முடிவில், பலன் தெரியவில்லை. பின்னர் இந்தத் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்ததில் ஒரு காரணம் பட்டது: வளாகத்தைச் சுற்றி மதுக்கடைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் பிரசாரம் எடுபடவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு சுமார் 70 சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு, விளைவுகள் உண்டு, ஆனால் நடைமுறையில் பொருட்படுத்தும் அளவுக்குப் பெரியவை அல்ல என்றது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: இதைத் தனியாக ஓடவிடாதீர்கள். வளாக விழாக்களில் மது நிறுவன விளம்பரத்தை நிறுத்துவது, வார இறுதி இரவுகளில் நூலகத்தையும் விளையாட்டு அரங்கையும் திறந்து வைப்பது, அருகிலுள்ள கடைகளின் மலிவு விலைச் சலுகைகளைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றோடு சேர்த்து ஓட்டுங்கள்.

உங்கள் முயற்சி பலித்ததா என்று பார்க்க, ஓராண்டு கழித்து அதே மாதத்தில், அதே சொற்களில், புதிதாகக் குலுக்கி எடுத்த மாணவர்களிடம் கேளுங்கள். மூன்றைத் தனித்தனியாகப் பாருங்கள்: போஸ்டரை நினைவில் வைத்திருக்கிறார்களா, மற்றவர்களைப் பற்றிய நினைப்பு இறங்கியதா, சொந்தக் குடி இறங்கியதா. முதலாவது இல்லையென்றால் பரப்பியது போதவில்லை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் எண்ணை நம்பவில்லை. இரண்டும் இருந்து மூன்றாவது மட்டும் இல்லையென்றால், உங்கள் வளாகத்தில் குடியை இழுப்பது நினைப்பு அல்ல, வேறு ஏதோ ஒன்று: விலை, கடை, தனிமை, மன அழுத்தம். தனிநபர் ஒப்பீட்டை மதிப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கை: மிக அதிகமாகக் குடித்த நேரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண் எதுவும் செய்யாமலேயே அடுத்த முறை கொஞ்சம் இறங்கும். அதை உங்கள் வெற்றியாக எண்ணாமல் இருக்க, பாதிப் பேருக்கு ஒப்பீட்டைச் சில மாதம் தள்ளிக் காட்டி, இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள்.

கடைசியாக, இந்த முறை யாருக்கு அல்ல என்பது. குடிக்கு அடிமையாகிவிட்ட மாணவருக்கு ‘மற்றவர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள்’ என்ற தகவல் மருந்தாகாது, வெட்கத்தைத்தான் கூட்டும். குடிப் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட ஆடிட் (AUDIT) வினாத்தாளை ஆன்லைன் ஒப்பீட்டோடு இணைத்துவிடுங்கள். மதிப்பெண் 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஆலோசகரைச் சந்திக்க லிங்க், 20 எட்டினால் மருத்துவரிடம் நேரடியாகப் போக வழி, இரண்டும் அந்தத் திரையிலேயே வர வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவரை ‘இன்றே நிறுத்து’ என்று சொல்லாதீர்கள். திடீரென்று நிறுத்தும்போது கைநடுக்கம், வியர்வை தொடங்கி வலிப்பு வரை போகலாம். அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். நினைவிழந்து கிடக்கும் நண்பனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருந்து, ஆம்புலன்ஸை அழைக்கும் மாணவர்மீது கல்லூரி நடவடிக்கை எடுக்காது என்ற உறுதிமொழியையும் முதலாண்டு முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.